கம்பத்திலிருந்து இழுத்த கரண்ட்: ஸாதாரி அகதி முகாம், ஒரு நிகழ்வு ஆய்வு

2012 ஜூலை கடைசியில், ஜோர்டானின் மஃப்ரக் மாகாணத்தில், சிரியா எல்லையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு பொட்டல்வெளியில் கூடாரம் அடிக்க ஆரம்பித்தார்கள். பக்கத்தில் ஸாதாரி என்று ஒரு சின்ன கிராமம். முகாமுக்கும் அந்தப் பெயரே நின்றுவிட்டது. சில மாதங்களுக்கான ஏற்பாடு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மறு ஆண்டு வசந்தத்தில் அங்கே ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் இருந்தார்கள். ஜோர்டானின் நான்காவது பெரிய ஊர் என்று பத்திரிகைகள் எழுதின. ஐந்து சதுர கிலோமீட்டர் சொச்சம் இடம், நிழலுக்கு ஒரு மரம் கிடையாது.

போரால் வீடிழந்தவர்களுக்கு என்ன தேவை, யார் அதைத் தருவது, தராவிட்டால் அவர்களே எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க ஸாதாரியைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. கேள்விகளை வரிசையாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அங்கே அவை வரிசையாக வரவில்லை.

வந்தவர்கள் யார்

பெரும்பாலோர் தரா மாகாணத்துக்காரர்கள். 2011 மார்ச்சில் சிரியாவின் கிளர்ச்சி பற்றிக்கொண்டது தரா நகரத்தில்தான். சுவரில் ஆட்சிக்கு எதிராக எழுதிய பள்ளிப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போய் வதைத்ததில் தொடங்கியது அது. குண்டு விழ ஆரம்பித்ததும் ஜனங்கள் தெற்கே நடந்தார்கள். 2013 தொடக்கத்தில் சில இரவுகளில் இரண்டாயிரம், மூவாயிரம் பேர் எல்லை தாண்டினார்கள்.

தரா இருப்பது ஹவ்ரான் சமவெளியில். எல்லைக்கோடு அந்தச் சமவெளியை நடுவில் வெட்டிக்கொண்டு போகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ரம்தாவில் மாமன், அந்தப் பக்கம் தராவில் மச்சான் என்று குடும்பங்கள் பரவிக் கிடக்கும். தராக்காரர்கள் விவசாயிகள், கூடவே எல்லை வியாபாரம் கைவந்தவர்கள். சரக்கு எங்கே மலிவு, எந்த லாரிக்காரனை நம்பிக் கடன் சொல்லலாம் என்பது தலைமுறையாகத் தெரிந்த விஷயம். அகதி என்றதும் கையேந்தி நிற்கும் ஒரு உருவம் நம் மனதில் வருகிறது. ஸாதாரிக்குள் வந்தவர்களிடம் கையில் காசு இல்லை. ஆனால் தொழில் தெரிந்திருந்தது, எல்லைக்கு இந்தப் பக்கம் ஆளையும் தெரிந்திருந்தது. அடுத்து நடந்ததில் முக்கால்வாசிக்கு இதுதான் காரணம்.

ஜோர்டானின் நிலையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். உலகத்திலேயே மிகக் குறைவாகத் தண்ணீர் உள்ள நாடுகளில் ஒன்று. அந்த வருடங்களில் பதிவு செய்த சிரிய அகதிகள் ஆறரை லட்சம். பதிவில்லாதவர்களையும் சேர்த்தால் 13 லட்சம் என்பது அரசின் கணக்கு. இதில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் முகாமுக்கு வெளியே, ஊர்களில் வாடகைக்கு இருந்தார்கள். மஃப்ரக் நகரத்தில் வாடகை ஏறியது, பள்ளியில் இடமில்லை, குப்பை அள்ள ஆளில்லை, வாரம் ஒருமுறை வந்த தண்ணீரும் தாமதமானது. உள்ளூர் ஏழைக்கு எரிச்சல் வந்தது நியாயம்தான்.

1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் ஜோர்டான் கையெழுத்திடவில்லை. இந்தியாவும் இடவில்லை. மண்டபம் முகாமைத் தெரிந்தவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும்: எல்லாம் அரசாணையின் தயவு, உரிமை என்று எதையும் காட்டிக் கேட்க முடியாது.

கம்பியும் கேரவனும்

முகாமின் தெருவிளக்குகளுக்காக ஐ.நா. அகதிகள் முகமை மின்கம்பம் நட்டது. கூடாரங்களுக்கு இணைப்பு கிடையாது. ஆனால் அகதிகளில் எலக்ட்ரீஷியன்கள் இருந்தார்களே! கம்பத்தில் ஏறிக் கொக்கி போட்டுக் கம்பி இழுத்தார்கள். முதலில் தன் வீட்டுக்கு, அப்புறம் பக்கத்து வீட்டுக்கு, அப்புறம் காசு வாங்கிக்கொண்டு தெருவுக்கே. ஃபிரிட்ஜ், டிவி, வாஷிங் மெஷின் என்று முகாம் வெளிச்சமானது. மாதாமாதம் ஐந்து லட்சம் டாலர் அளவுக்கு பில் வந்தபோது முகமை ஆடிப்போனது. ஷாக் அடித்தவர்கள் உண்டு, தீப்பிடித்த கூடாரங்களும் உண்டு. இதை வெறும் சாகசக் கதையாகச் சொல்லிவிடக் கூடாது.

முகமை என்ன செய்தது? முதலில் வெட்டிப் பார்த்தது, திரும்ப இழுத்தார்கள். பிறகு ஒழுங்கான இணைப்பு கொடுத்து, தினம் சில மணி நேரம் மட்டும் கரண்ட் விட்டது. 2017 நவம்பரில் ஜெர்மனியின் பணத்தில், 40,000 தகடுகளோடு 12.9 மெகாவாட் சூரிய மின்நிலையம் திறந்தது. தினம் எட்டு மணி நேரமாக இருந்த மின்சாரம் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரமானது. செலவிலும் ஆண்டுக்கு ஐம்பது லட்சம் டாலர் மிச்சம் என்று கணக்கிட்டார்கள். சூரிய மின்நிலையத்தின் படம் எல்லா அறிக்கையிலும் வரும். கொக்கி போட்டவரின் படம் வராது. அவர் இல்லாமல் இந்த நிலையம் வந்திருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை. தெருவிளக்கு போதும் என்று போட்ட திட்டம் அப்படியே கிடந்திருக்கும்.

கழிப்பறையிலும் இதே கதைதான். நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பொதுவாகக் கழிப்பறை, சமையலறைக் கட்டடங்கள் கட்டினார்கள். ராத்திரியில் பெண் பிள்ளைகள் அந்த இருட்டில் எப்படிப் போவார்கள்? வயதானவர்கள் எவ்வளவு தூரம் நடப்பார்கள்? குழாயையும் கதவையும் கழற்றிக்கொண்டு போய், வீட்டை ஒட்டித் தங்களுக்கென்று ஒரு கழிப்பறை கட்டிக்கொண்டார்கள். நிர்வாகம் அதைத் திருட்டு, சேதம் என்று எழுதியது. கழிவு வீட்டோரக் குழியில் தேங்கி நாற்றமெடுத்தது, லாரியில் அள்ள வேண்டியிருந்தது, அதுவும் உண்மை. கடைசியில் வீட்டுக்கு வீடு தொட்டி வைத்து, யுனிசெஃப் உதவியோடு தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் போட்டார்கள். அதற்கு முன்னால் வருடக்கணக்கில் லாரித் தண்ணீர்தான்.

வீடு என்றேன். 2013 ஜனவரி மழையில் கூடாரங்கள் வெள்ளத்தில் மிதந்தன. அதற்குப் பிறகு வளைகுடா நாடுகளின் நன்கொடையில் தகரக் கேரவன்கள், அதாவது பெட்டி மாதிரியான ஆயத்த வீடுகள், அதிகமாக வந்தன. நிர்வாகம் அவற்றை வரிசையாக, ஒரே இடைவெளியில் வைத்தது. ஜனங்கள் வேலிக் கம்பியையும் சக்கரத்தையும் சேர்த்து ஒரு வண்டி பண்ணி, கேரவனை ராவோடு ராவாக நகர்த்தினார்கள். அண்ணன் வீடும் தம்பி வீடும் எதிரெதிரே, நடுவில் ஒரு முற்றம், முற்றத்தில் ஒரு சின்ன நீரூற்று. தராவில் எப்படி இருந்ததோ அப்படி. கேரவனுக்கு வாங்கல் விற்றலும் நடந்தது.

கான்கிரீட் போட மட்டும் அரசு கடைசிவரை விடவில்லை. காரணம் பழையது. 1948-லும் 1967-லும் வந்த பாலஸ்தீனர்களுக்காகப் போட்ட முகாம்கள் இன்று அம்மானைச் சுற்றி நிரந்தரக் குடியிருப்புகளாக நிற்கின்றன. இன்னொரு முறை அப்படி ஆகிவிடக் கூடாது என்பது ஆட்சியாளர்களின் கணக்கு. அரசியலாகப் பார்த்தால் புரிகிறது. ஆனால் சில வருடங்களுக்கே தாங்கும் தகரப் பெட்டியில் பத்து வருடத்துக்கு மேல் இருந்தவர்களுக்கு ஒழுகும் கூரையும் உளுத்த தரையும்தான் மிச்சம்.

ஷாம் எலிசே

முகாமின் முக்கியத் தெருவுக்கு ஷாம் எலிசே என்று பெயர். பாரிஸின் பிரபலமான ஷான்ஸ் எலிசே வீதியின் பெயரைக் கேலியாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அரபியில் ஷாம் என்றால் சிரியா, டமாஸ்கஸ். பிரெஞ்சு மருத்துவமனை ஒன்று தெரு முனையில் இருந்ததால் அந்தக் கேலி பிறந்தது என்பார்கள். ரொட்டி, ஷவர்மா, செல்போன், பழைய சைக்கிள், கூண்டுப் பறவை, கல்யாண கவுன் வாடகை என்று எல்லாம் அங்கே உண்டு. ஒரு கட்டத்தில் மொத்த முகாமிலும் கடைகள் மூவாயிரம் என்று முகமையே எழுதியது.

இதற்கு முதலீட்டை யார் கொடுத்தது? யாரும் திட்டம் போட்டுக் கொடுக்கவில்லை. மஃப்ரக் வியாபாரிகள் கடனுக்குச் சரக்கு தந்தார்கள், சிலர் பங்காளியானார்கள். நிவாரணமாக வந்த பருப்பையும் போர்வையையும் விற்று ஆரம்பித்தவர்கள் நிறைய. நிவாரணப் பொருளை விற்பதைக் கண்டு உதவி அமைப்புகளுக்குக் கோபம் வந்தது. எனக்கு இதில் கோபப்பட எதுவும் தெரியவில்லை. மாதம் முழுக்கப் பருப்பே கொடுத்தால், பிள்ளைக்குத் தக்காளி வாங்க அந்தப் பருப்பைத்தான் விற்க வேண்டும். நம் ஊர் ரேஷன் அரிசி எங்கெங்கே போய்ச் சேருகிறது என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் பொருளை நிறுத்திவிட்டுக் காகிதக் கூப்பனுக்கும், அப்புறம் அட்டைக்கும் மாறியது. 2016-லிருந்து கருவிழி ஸ்கேன். கடைக் கல்லாவில் கண்ணைக் காட்டினால் கணக்கில் கழியும். அட்டை தொலையாது, இடைத்தரகன் பறிக்க முடியாது. அதே சமயம், கண்ணைக் காட்ட மறுத்தால் சோறு இல்லை என்ற இடத்தில் சம்மதம் என்ற சொல்லுக்கு என்ன பொருள்? அந்தக் கேள்வியை அங்கே யாரும் நிதானமாகக் கேட்டதாகத் தெரியவில்லை.

திட்டம் போட்டுக் கட்டிய முகாம்

ஸாதாரியின் குழப்பத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த முகாமை ஒழுங்காகக் கட்டுவது என்று முடிவெடுத்தார்கள். 2014 ஏப்ரலில் பாலைவனத்தில் அஸ்ரக் திறந்தது. நேர்கோட்டில் தகர வீடுகள், வீடுகளுக்கிடையே அகலமான வெளி, கிராமம் கிராமமாகப் பிரிப்பு, காவல். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இடம். வந்து தங்கியவர்களோ நாற்பதாயிரம் சொச்சம்தான். 2017 தொடங்கும்வரை வீடுகளில் மின்சாரம் இல்லை. சந்தை இல்லாத ஊரில் பல காலம் ஒரே சூப்பர்மார்க்கெட். ஐயப்பாட்டுக்குரியவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு ஐந்தாவது கிராமம், அதைச் சுற்றி முள்வேலி. காகிதத்தில் ஸாதாரியைவிட அஸ்ரக்தான் நல்ல முகாம். ஆனால் அங்கிருந்து தப்பி ஊருக்குள் போனவர்கள் ஏராளம். கொக்கி போட ஒரு கம்பம்கூட இல்லாத இடத்தில் மனிதன் என்ன செய்வான்?

இரண்டு லட்சம் வேலை

2016 பிப்ரவரி 4 அன்று லண்டனில் ஒரு மாநாடு. அங்கே ஜோர்டான் ஒப்பந்தம் என்று ஒன்று போட்டார்கள். அகதிகள் விஷயத்தில் அதற்கு முன்னால் இந்த அளவுக்கு யாரும் துணியவில்லை. சாரம் இதுதான்: ஜோர்டான் சிரியர்களுக்கு இரண்டு லட்சம் வேலைவாய்ப்புகளைத் திறந்துவிடும், பதிலுக்கு ஐரோப்பிய ஒன்றியம் ஜோர்டான் சரக்குக்குச் சந்தையைத் திறக்கும், உலக வங்கி 30 கோடி டாலர் மலிவுக் கடன் தரும். ஸாதாரிக்குப் பக்கத்திலேயே பாதி காலியாகக் கிடந்த ஒரு தொழிற்பேட்டையைப் பார்த்த இரண்டு ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர்களின் யோசனையிலிருந்து இது கிளைத்தது. ஆளும் இருக்கிறது, ஆலையும் இருக்கிறது, இணைத்தால் போதும். கேட்க எவ்வளவு எளிது!

ஐரோப்பா வைத்த நிபந்தனை: குறிப்பிட்ட 18 தொழில் மண்டலங்களில், குறிப்பிட்ட 52 பொருள் வகைகள், தொழிலாளர்களில் 15 சதவீதம் சிரியர்கள் இருக்க வேண்டும், மூன்றாம் ஆண்டிலிருந்து 25 சதவீதம்.

ஜோர்டானின் ஏற்றுமதி ஆலை என்றால் முக்கியமாக ஆயத்த ஆடை. அங்கே தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் வங்கதேசம், இந்தியா, இலங்கை, நேபாளத்திலிருந்து போன பெண்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, ஆலை விடுதியிலேயே தங்கி, ஓவர்டைம் பார்த்து இரண்டு மூன்று வருடத்தில் காசு சேர்த்துக்கொண்டு திரும்புவது அவர்கள் கணக்கு. ஆலையின் சம்பளம், வேலை நேரம், எல்லாமே அந்தக் கணக்கை வைத்துக் கட்டியவை. நாலு பிள்ளையோடு இருக்கும் சிரியப் பெண் அதில் எப்படிப் பொருந்துவாள்? பஸ்ஸில் போய்வர நேரம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, வாடகைக்கே காணாத சம்பளம். சம்பளம் வாங்கினால் நிவாரணம் நிற்குமோ, வெளிநாட்டில் குடியமர்த்தும் பட்டியலிலிருந்து பெயர் போகுமோ என்ற பயம் வேறு. ஆலைக்காரனுக்கு 15 சதவீதம் சேரவில்லை. சேர்ந்திருந்தாலும் அவன் சரக்கு போனது அமெரிக்காவுக்கு, ஐரோப்பாவில் வாங்குபவன் யாரென்றே அவனுக்குத் தெரியாது. முதல் சில வருடங்களில் இந்தச் சலுகையில் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்த நிறுவனங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2018 கடைசியில் நிபந்தனையைத் தளர்த்தி, நாடு முழுமைக்கும் விரித்து, 2030 வரை நீட்டினார்கள்.

இரண்டு லட்சம் வேலை என்ற வாக்கு, நடைமுறையில் இரண்டு லட்சம் அனுமதிச் சீட்டு என்று சுருங்கியது. ஆண்டுதோறும் எத்தனை சீட்டு கொடுத்தோம் என்று கூட்டிச் சொன்னார்கள். ஒரே கொத்தனார் மூன்று வருடம் புதுப்பித்தால் அது மூன்று. மேலும் பலர் ஏற்கெனவே சட்டத்துக்கு வெளியே செய்துகொண்டிருந்த வேலைக்குத்தான் சீட்டு வாங்கினார்கள். புதிதாக ஒரு வேலை அதில் பிறக்கவில்லை. சீட்டு பயனற்றது என்று சொல்ல வரவில்லை. போலீஸ் பிடித்து முகாமுக்குத் திருப்பி அனுப்புவான் என்ற பயம் போனதே பெரிய விஷயம். ஆனால் அதை வேலை என்று எண்ணியது தவறு. சிரிய மருத்துவர், வக்கீல், ஆசிரியர், பொறியாளருக்கு அந்தச் சீட்டும் கிடையாது. அந்தத் தொழில்கள் உள்நாட்டவருக்கு மட்டும்.

உருப்படியாக நடந்தவை சத்தமில்லாமல் நடந்தன. விவசாயத்தில் ஒரே முதலாளியோடு கட்டிப்போடாமல் கூட்டுறவுச் சங்கம் மூலமாகச் சீட்டு கொடுத்தார்கள். தக்காளி முடிந்தால் ஆலிவ் தோட்டத்துக்குப் போகலாம். கட்டட வேலைக்குத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு மூலமாக அதே மாதிரி. கட்டணத்தையும் தள்ளுபடி செய்தார்கள். 2017 ஆகஸ்டில் ஸாதாரிக்குள்ளேயே சர்வதேச தொழிலாளர் அமைப்பும் அகதிகள் முகமையும் ஒரு வேலைவாய்ப்பு அலுவலகம் திறந்தன. அகதி முகாமுக்குள் அப்படி ஒன்று வந்தது அதுவே முதல் தடவை. சீட்டைக் காட்டி வெளியே போய்த் தங்கி வேலை பார்க்க முடிந்தது. 2018-ல் பெண்கள் வீட்டிலிருந்தே சமையல், தையல், கைவினை செய்து விற்க அனுமதி வந்தது. கவனித்துப் பார்த்தால், இவை எல்லாமே ஜனங்கள் ஏற்கெனவே நடந்த வழித்தடத்தின்மேல் போட்ட ரோடுகள். யாரும் நடக்காத இடத்தில் போட்ட பெரிய ரோடு ஆலை ஏற்றுமதி.

பள்ளி

படிப்பைப் பற்றிச் சுருக்கமாக. ஜோர்டான் சுமார் 200 அரசுப் பள்ளிகளில் இரண்டு ஷிப்ட் வைத்தது. காலையில் உள்ளூர்ப் பிள்ளைகள், மதியம் சிரியப் பிள்ளைகள். முகாமுக்குள் காலையில் பெண்கள், மதியம் பையன்கள். ஆரம்பப் பள்ளியில் சேர்க்கை நன்றாகவே வந்தது. மேல்நிலைக்கு வரும்போது வகுப்பு காலியாகிறது. பையன் வேலைக்குப் போகிறான், பெண்ணுக்குக் கல்யாணம் பண்ணிவிடுகிறார்கள். படித்தாலும் எந்தத் தொழிலுக்கும் விடமாட்டார்கள் என்று பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்போது, படி என்று சொல்வது யாருக்கும் கஷ்டம்.

பணம் வற்றியபோது

2022-ல் உலகத்தின் கவனம் உக்ரைனுக்குத் திரும்பியது. 2023 ஆகஸ்டில் உலக உணவுத் திட்டம் ஸாதாரி, அஸ்ரக் இரண்டிலும் இருந்த 1,19,000 பேருக்கான மாதாந்திரத் தொகையை ஆளுக்கு 32 டாலரிலிருந்து 21 டாலராகக் குறைத்தது. கருவிழி ஸ்கேனும் சூரிய மின்சாரமும் அப்படியே இருந்தன, கணக்கில் பணம்தான் குறைந்தது. அந்த நேரத்தில் ஷாம் எலிசேயில் கடனுக்குத் தரும் கடைக்காரன்தான் பல வீடுகளுக்குக் கடைசிக் கதவு. அவன் கல்லாவுக்கும் அந்த 32 டாலர்தான் ஆதாரம் என்பதால் அவனும் சேர்ந்தே தள்ளாடினான். சொந்தக் காலில் நிற்கும் முகாம் என்று ஸாதாரியைப் புகழ்பவர்கள் இதை மறக்கிறார்கள். அந்தச் சந்தை உதவிப்பணத்தைப் பல கை சுற்றவைத்த சந்தை. வேலி இருக்கும்வரை வெளிப்பணம் அதற்குள் வர வழி கொஞ்சம்தான். 2024 நடுவில் வேலைச் சீட்டின் கட்டணச் சலுகையும் முடிந்தது.

2024 டிசம்பர் 8 அன்று டமாஸ்கஸில் அசாத் ஆட்சி விழுந்தது. ஸாதாரியில் விடிய விடிய ஆடிப்பாடினார்கள். அடுத்த ஆண்டுக்குள் ஜோர்டானிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சிரியர்கள் ஊர் திரும்பினார்கள். மீதிப் பேர் ஏன் போகவில்லை? வீடு இடிந்து கிடக்கிறது, வயலில் கண்ணிவெடி, கரண்ட் வருவதில்லை, வேலை இல்லை. ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றால், கிளம்பினவர்களைத் திரும்ப உள்ளே விடுவார்கள் என்ற உறுதி கிடையாது. அதனால் குடும்பத்தில் ஒருவர் முன்னால் போகிறார். சுவர் நிற்கிறதா, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று போனில் படம் பிடித்து அனுப்புகிறார்.

ஸாதாரியில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்திருக்கிறார்கள். அந்தப் படங்களைப் பார்த்து, இதுவா நம் ஊர் என்று கேட்பவர்கள் அவர்கள்தான். தராவுக்கு அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை.